மூடிய கண்ணாடிக்குள் கேட்க வேண்டிய சங்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வணிகக் கப்பல் வேலைக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. லீவில் ஊருக்கு வரும்போது செல்போனில் கப்பலை ஓட்டுகிற அறையான பிரிட்ஜின் படத்தைக் காட்டுவார்கள். சுற்றிலும் கண்ணாடி, உள்ளே ஏசி, வரிசையாகத் திரைகள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மழையையும் உப்புக்காற்றையும் தடுக்கிற அதே கண்ணாடி, எதிரே வருகிற கப்பல் ஊதும் சங்கையும் தடுத்துவிடுகிறது.

ரேடார் இருக்கிறதே, கப்பல் இருக்கும் இடத்தை மற்றக் கப்பல்களுக்கு ரேடியோவில் தானே அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். இருக்கிறதே, இன்னும் யார் சங்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றலாம். 1972-ல் வகுக்கப்பட்டு 1977 முதல் நடைமுறையில் இருக்கும் கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி, கண்ணாலும் காதாலும் எந்நேரமும் காவல் இருக்க வேண்டும் என்கிறது. காதை அது விட்டுவிடவில்லை. மரப்படகும் ஃபைபர் படகும் ரேடாரில் மங்கலாகத்தான் விழும். அலை எழும்பினால் அந்த மங்கலும் காணாமல் போகும். ஏ.ஐ.எஸ். கருவி வைத்திராத படகு அந்தத் திரையில் வரவே வராது.

35-ஆவது விதி, மூடுபனி போன்ற பார்வை குறைந்த நேரங்களுக்கானது. இயந்திரக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தால், இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விடாமல் ஒரு நீண்ட ஊதல் ஊத வேண்டும். நீண்ட ஊதல் என்றால் 4 முதல் 6 விநாடி. மீன்பிடிக் கப்பலும் பாய்மரக் கப்பலும் ஒரு நீண்ட ஊதலும் இரண்டு குறு ஊதலும் தர வேண்டும். இதில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரிய கப்பலின் சங்கு கேட்கும் தூரமாக விதி சொல்வது 2 கடல் மைல். இரண்டு கப்பல்களும் 20 நாட், அதாவது மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் நேருக்கு நேர் வந்தால் அந்த 2 கடல் மைல் மூன்றே நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் எதிர்க் கப்பலின் சங்கு ஒரு தடவை ஒலிக்கலாம், மிஞ்சினால் இரண்டு தடவை. அந்த ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க நேரம் இருக்காது. பனியில் வேகத்தைக் குறைக்கச் சொல்வதும் இதனால்தான்.

சரி, 2 கடல் மைல் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? 200 மீட்டருக்குக் குறையாத நீளமுள்ள கப்பலின் சங்கு, ஒரு மீட்டர் தூரத்தில் 143 டெசிபெல் (ஒலியின் பலத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது விதி. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் இறங்கும். 2 கடல் மைல் என்பது 3,704 மீட்டர். அவ்வளவு தூரம் போய்ச் சேரும்போது 71 டெசிபெல் குறைந்து, ஏறக்குறைய 72 டெசிபெல்தான் மிஞ்சும். ஒலியின் செறிவு ஒரு கோடி மடங்குக்கும் மேல் குறைந்துவிட்டது என்று பொருள். கேட்கிற இடத்தில் என்ன இருக்கிறது? 250 ஹெர்ட்ஸை, அதாவது விநாடிக்கு 250 அதிர்வை, நடுவாகக் கொண்ட ஒரு ஸ்தாயி அகலத்தில் மட்டும் சராசரியாக 68 டெசிபெல் இரைச்சல் இருக்கும் என்று விதியே எடுத்துக்கொள்கிறது. 72-க்கும் 68-க்கும் இடையில் வெறும் 4 டெசிபெல். அந்த மெல்லிய இடைவெளியில்தான் கப்பல்கள் ஒன்றையொன்று கேட்டாக வேண்டும். அதுவும் காற்று அசையாத நாளில், சங்கின் நேர்முன்னே, வெளியில் நிற்கிற ஆளுக்கு. கண்ணாடிக்குள் இருப்பவருக்கு இந்த 4 டெசிபெலும் கிடையாது.

சங்கை இன்னும் பலமாக ஊதினால் போகாதா? 6 டெசிபெல் கூட்டினால் தூரம் இரண்டு மடங்காகும், உண்மைதான். ஆனால் அதற்கு நாலு மடங்கு ஆற்றல் வேண்டும். சொந்தக் கப்பலில் சங்கின் அருகே நிற்பவர்களின் காதுதான் முதலில் கெடும். இப்போதே 143 டெசிபெல் என்பது காதுக்கு நேரடி ஆபத்து. அதனால், செலவழிக்கிற கவனத்தைக் கேட்கிற பக்கத்தில் செலவழிப்பதே புத்திசாலித்தனம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சங்கு எவ்வளவு பலமாக ஒலித்தாலும் கேட்கிற காது சரியாக இல்லையென்றால் பயனில்லை.

கடலில் இரைச்சல் பல வழிகளில் வருகிறது. புகைபோக்கியிலிருந்து இயந்திரத்தின் வெளிமூச்சு, காற்றோட்ட விசிறிகள், ஜெனரேட்டர், முன்னே உடையும் அலை, எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று. காற்றே வீசாத நாளிலும் 20 நாட் வேகத்தில் ஓடும் கப்பல், விநாடிக்கு 10 மீட்டர் எதிர்க்காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. 2014 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல்சார் அமைப்பின் இரைச்சல் விதித்தொகுப்பு, பிரிட்ஜுக்குள் 65 டெசிபெல், காவல் நிற்கும் வெளி இடங்களில் 70 டெசிபெல் என்று வரம்பு வைத்தது. வெளியே நின்று கேட்பவரின் காதைக் காக்க வேண்டும் என்பது அதில் தெரிகிறது.

இந்த இரைச்சலுக்குள்ளிருந்து சங்கை எப்படிப் பிரிப்பது? நம் காது அன்றாடம் இதைச் செய்கிறது. கல்யாண வீட்டு வளவில் நூறு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். முகப்பில் நாதஸ்வரமும் தவிலும், இரண்டாம் கட்டில் பாத்திரச் சத்தம். அதற்கு நடுவே பட்டாலையிலிருந்து பேரன் “ஆயா!” என்று கூப்பிட்டால் ஆயாவுக்குக் கேட்டுவிடும், சரியாக அந்தப் பக்கமே திரும்புவார். அந்தக் குரல் வளவிலேயே பலமானது அல்ல. ஆனால் அதன் சுருதி அவருக்குத் தெரியும். அந்தச் சுருதிக்குப் பக்கத்தில் இருக்கிற சத்தம்தான் அதை மறைக்க முடியும், வெகுதூரம் தள்ளிய சுருதியில் இருப்பது அவ்வளவாக மறைக்காது. அப்புறம் இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்தில் உள்ள நுண்ணிய வித்தியாசம், அதிகம் போனால் ஒரு மில்லி விநாடியில் மூன்றில் இரண்டு பங்கு, திசையைச் சொல்லிவிடும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இயற்பியலாளர் ஹார்வி ஃபிளெட்சர் 1940-ல் இதைத் தெளிவாக்கினார்: காது ஒலியைப் பல குறுகிய பட்டைகளாகப் பிரித்துக் கேட்கிறது, ஒரு பட்டையில் உள்ள இரைச்சல் முக்கியமாக அந்தப் பட்டையில் உள்ள ஒலியைத்தான் மூழ்கடிக்கிறது.

கப்பல்களுக்கான ஒலி வாங்கும் கருவி இதே வேலையை மின்னணுவியலால் செய்கிறது. பிரிட்ஜ் முழுவதும் மூடப்பட்டிருந்தால், காவல் பணியில் நிற்கும் வாட்ச் அதிகாரி சங்கைக் கேட்கவும் அதன் திசையை அறியவும் ஒரு ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் ஐந்தாம் அத்தியாயம். அந்தக் கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதை 1998-ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஒரு தீர்மானம் வரையறுத்தது: எல்லாத் திசையிலிருந்தும் 70 முதல் 820 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை வாங்க வேண்டும், உள்ளே ஸ்பீக்கரில் தர வேண்டும், ஏறக்குறைய எந்தப் பக்கம் என்று காட்ட வேண்டும், வேண்டாத இரைச்சலை அமுக்க வேண்டும்.

ஏன் 70-லிருந்து? பெரிய கப்பலின் சங்கு 70 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை, 75 மீட்டர் முதல் 200 மீட்டருக்குள் நீளமுள்ளது 130 முதல் 350 வரை, அதைவிடச் சிறியது 250 முதல் 700 வரை. கேட்டவுடனே எதிரே வருவது மலை அளவு கப்பலா, சிறு கப்பலா என்று ஊகிக்கத்தான் இந்த ஏற்பாடு. தாழ்ந்த சுருதியைக் காற்று அவ்வளவாக உறிஞ்சாது. 70 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 5 மீட்டர். கன்டெய்னர் அடுக்கு குறுக்கே இருந்தாலும் ஓரளவு வளைந்து வந்துவிடும். ஒரே குறை, நம் காது அவ்வளவு தாழ்ந்த ஒலியில் மந்தம். அதை ஈடுகட்டுவது சங்கோடு சேர்ந்து எழும் மேல் சுருதிகள்.

அந்த 4 டெசிபெல் இடைவெளியை அகலமாக்கும் வித்தைக்கு வருவோம். 250 ஹெர்ட்ஸ் ஸ்தாயிப் பட்டையின் அகலம் ஏறக்குறைய 177 ஹெர்ட்ஸ். 68 டெசிபெல் இரைச்சல் அந்த அகலம் முழுவதும் பரவிக் கிடக்கிறது. சங்கோ ஒரு குறிப்பிட்ட சுருதியில் கூர்மையாக நிற்கிறது. கருவி 10 ஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டையை மட்டும் திறந்து பார்த்தால், இரைச்சல் சீராகப் பரவியிருக்கும் பட்சத்தில், உள்ளே நுழைவது 56 டெசிபெல்கூட இல்லை. அந்தச் சுருதியில் நிற்கும் சங்கொலி முழுதாக நுழைகிறது. ஒரு டெசிபெல்கூடச் சத்தத்தைக் கூட்டாமல் 12 டெசிபெலுக்கு மேல் லாபம். பட்டையைக் குறுக்கினால் கேட்க நேரம் கூடுதலாக வேண்டும். 10 ஹெர்ட்ஸுக்குப் பத்தில் ஒரு விநாடி. நீண்ட ஊதல் குறைந்தது நாலு விநாடி நிற்பதால் தாராளமாகப் போதும். எதிர்க் கப்பலின் சுருதி முன்கூட்டித் தெரியாதே என்றால், கருவி பல குறுகிய பட்டைகளை ஒரே நேரத்தில் கவனித்து, எதில் ஒலி அசையாமல் நிற்கிறது என்று பார்க்கலாம். அலையும் காற்றும் கணத்துக்குக் கணம் மாறும். சங்கு நாலு விநாடி அப்படியே நிற்கும்.

மைக்குகள் பலவாக இருப்பதிலும் லாபம் உண்டு. ஒவ்வொரு மைக்கின் மேலும் காற்று சுழன்று உண்டாக்கும் இரைச்சல் அந்தந்த மைக்குக்கு மட்டும் சொந்தம், மற்றதில் அதே வடிவில் வராது. சங்கொலி எல்லாவற்றிலும் ஒரே வடிவில், சிறு நேர வித்தியாசத்தோடு வரும். அந்த வித்தியாசத்தைச் சரிசெய்து நாலு மைக்கின் ஒலியையும் கூட்டினால், தனித்தனி இரைச்சலைவிடச் சங்கு 6 டெசிபெல் மேலே எழும். அதே நேர வித்தியாசம் திசையையும் தருகிறது. மைக்குகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் விடுவது என்பதில் ஒரு சங்கடம் உண்டு: 700 ஹெர்ட்ஸில் அலைநீளம் அரை மீட்டர்தான், அதில் பாதிக்கு மேல், அதாவது கால் மீட்டருக்கு மேல் தள்ளி வைத்தால் இந்த அலையா அடுத்த அலையா என்று குழம்பும். ரொம்ப நெருக்கினால் தாழ்ந்த சுருதியில் வித்தியாசமே தெரியாது. அதனால் முன், பின், இடம், வலம் என்று நாலு பக்கம் பார்த்த மைக்குகளில் ஒலியின் பலத்தையும் சேர்த்து ஒப்பிடுவதுண்டு. விதி கேட்பதும் முன்னா பின்னா, எந்தப் பக்கம் என்ற அளவுதான். சொந்தச் சங்கு ஊதும்போது மைக்கை அடைத்துவிடும் ஏற்பாடும் வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஸ்பீக்கர் அலறும்.

இவ்வளவு செய்தும் கடல் ஏமாற்றும். 1873-ல் இயற்பியலாளர் ஜான் டிண்டால் இங்கிலாந்தின் சவுத் ஃபோர்லேண்ட் கலங்கரை விளக்கத்தில் ஊதல்களை வைத்துச் சோதித்தார். பனி ஒலியை விழுங்குகிறது என்று அதுவரை பலர் நம்பியிருந்தார்கள். அவர் கண்டது வேறு: பனி மூடிய நாளில் வெகுதூரம் கேட்டது, பளிச்சென்ற நாளில் சில சமயம் அருகிலேயே கேட்கவில்லை. சூடும் ஈரமும் இடத்துக்கு இடம் மாறிக் கலங்கிய காற்று ஒலியைச் சிதறடிப்பதாக அவர் விளக்கினார். காற்றின் திசையும் முக்கியம். மேலே போகப்போகக் காற்று வேகமெடுப்பதால், எதிர்க்காற்றில் போகும் ஒலி மேல்நோக்கி வளைந்து, கடல்மட்டத்தில் கேட்காத ஒரு நிழல் விழும். எந்தக் கருவியாலும் வந்து சேராத ஒலியைக் கேட்க முடியாது. சங்கு கேட்கவில்லை என்பதால் எதிரே கப்பல் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பராமரிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மைக் நிற்பது பிரிட்ஜின் உச்சியில், வெயிலிலும் உப்புச் சாரலிலும். காற்றுத் தடுப்பு நுரையில் உப்பு படிந்து இறுகினால் ஒலி உள்ளே போகாது. துருப்பிடிக்காத எஃகு வலையில்கூட உப்பின் குளோரைடு ஊசித் துளை போடும். 1953 முதல் காரைக்குடியில் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்த அரிப்பைத்தான் நெடுங்காலமாக ஆராய்கிறது, கடலோரச் சோதனைக்கென்று மண்டபத்தில் ஒரு பிரிவும் வைத்திருக்கிறது. நம் ஊர் அறிவியல் கப்பலின் காதுக்கு உதவக்கூடிய இடம் இது. கருவி நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது கடினமல்ல: ஒருவர் கை ஹாரனோடு கப்பலின் நாலு பக்கமும் போய் ஊத, உள்ளே இருப்பவர் திசை விளக்கு சரியாக எரிகிறதா என்று பார்த்தால் போதும். உள்ளே தொல்லையாக இருக்கிறது என்று ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்துவைத்து, பனி வந்தபோது கூட்ட மறந்தால் எல்லாம் வீண். நங்கூரமிட்ட கப்பலின் மணியும் மனிதக் கூச்சலும் 820 ஹெர்ட்ஸுக்கு மேலும் போகக்கூடியவை. அதனால் பனியில் பிரிட்ஜ் கதவைத் திறந்து ஒருவரை வெளியே நிறுத்துவதும், முடிந்தால் இயந்திரச் சத்தம் எட்டாத அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், ஒருவரை நிறுத்துவதும் பழைய வழக்கம் என்று தள்ளக் கூடாதவை.

தேவகோட்டையிலிருந்து தென்கிழக்கே போனால் தொண்டி. அங்கே கரையில் நிற்கும் நாட்டுப்படகுகளுக்கு இந்தக் கருவி எதுவும் கிடையாது. பாக் நீரிணை ஆழம் குறைந்தது, பெரிய சரக்குக் கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகும். இங்கே நாட்டுப்படகுக்கு எதிரே வருவது பெரும்பாலும் விசைப்படகு. ஆழ்கடலுக்குப் போகிறவர்களோ பெரிய கப்பலின் வழியிலேயே வலை போடுகிறார்கள். 12 மீட்டருக்குக் குறைந்த படகில் விதிப்படியான சங்கு கட்டாயமில்லை, ஆனால் நன்றாக ஒலி எழுப்ப ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும். கேட்பதற்கு அவர்களுக்கு இருக்கிற மிகப் பெரிய தடை, காலடியில் ஓடுகிற டீசல் எஞ்சின். மார்கழி, தைப் பனியில் சில நிமிடத்துக்கு ஒரு தடவை எஞ்சினை நிறுத்திவிட்டு, அடுத்தடுத்த இரண்டு ஊதலுக்கு நடுவே உள்ள இடைவெளி முழுவதும், அதாவது இரண்டு நிமிடம், எல்லாரும் பேசாமல் கேட்டால் கப்பலில் எத்தனை மைக் வைத்தும் கிடைக்காத அமைதி அந்தப் படகுக்குக் கிடைக்கும். பக்கத்தில் ஆள் இருப்பதை அறிவிக்கத் தன் ஒலியையும் அந்த நேரத்திலேயே எழுப்ப வேண்டும், எதிரே வருபவர் வேகத்தைக் குறைக்க அவருக்கும் சில நிமிடம்தான் இருக்கிறது.