கரோலிங்கியர்: பெயரும் கொடிவழியும்

எட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவைப் பற்றி எதைப் படித்தாலும் கரோலிங்கியர் என்ற பெயர் வந்துவிடும். பிராங்குகள் என்ற ஜெர்மானிய மக்களின் பேரரசர் சார்லமேனின் குடும்பம் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். தப்பில்லை, ஆனால் அந்தக் குடும்பம் சார்லமேனுக்கு நூற்றைம்பது ஆண்டு முன்பே பெரிய குடும்பம், அப்போது இந்தப் பெயர் அதற்குப் பொருந்தவே பொருந்தாது.

முதலில் சொல். ஜெர்மானிய மொழிகளில் 'இங்' என்ற விகுதி இன்னார் வழியில் வந்தவர் என்பதைக் காட்டும். பிராங்குகளை முன்பு ஆண்ட, மெரோவெக் வழி வந்தவர்கள் மெரோவிங்கியர், ஆர்னுல்ஃப் வழி வந்தவர்கள் ஆர்னுல்ஃபிங்குகள். கார்ல் (ஆங்கிலத்தில் சார்லஸ்) என்ற பெயரின் லத்தீன் வடிவம் கரோலுஸ், அதிலிருந்து கரோலிங்கியர். எந்தக் கார்ல் என்று கேட்டால், 741இல் இறந்த பிராங்க் தலைவர் சார்லஸ் மார்ட்டெல் என்பார்கள், இல்லை, அவருடைய பேரன் சார்லமேன்தான் என்றும் சொல்வார்கள், இருவர் பெயரும் ஒன்றுதான்.

சரி, அதற்கு முன்னால்? அங்கே இரண்டு குடும்பங்கள். ஒன்று மெட்ஸ் நகர ஆயர் ஆர்னுல்ஃபுடையது. மற்றது பிராங்க் அரசின் கிழக்குப் பகுதியான ஆஸ்திரேசியாவில் அரண்மனைப் பொறுப்பு முழுவதையும் கையில் வைத்திருந்த முதலாம் பிப்பினுடையது. பிப்பினின் மகன் கிரிமோவால்ட் ஏழாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு துணிச்சலான வேலை செய்தார்: மெரோவிங்கிய இளவரசன் டாகோபெர்ட்டின் தலைமுடியை மழித்து அயர்லாந்துக்கு அனுப்பிவிட்டுத் தன் சொந்த மகனை அரியணையில் ஏற்றினார். நீண்ட முடிதான் மெரோவிங்கிய அரசர்களின் அடையாளம், முடி போனால் அரசுரிமையும் போனமாதிரி. திட்டம் தோற்றது, கிரிமோவால்ட் கொல்லப்பட்டார், பிப்பினின் ஆண்வழி அத்தோடு நின்றது.

மிச்சமிருந்தது மகள் பெக்கா. அவர் ஆர்னுல்ஃபின் மகன் அன்செகிசெலை மணந்தவர். அவர்களுடைய மகன்தான் 687இல் டெர்ட்ரி போரில் வென்ற இரண்டாம் பிப்பின், அவருடைய மகன் சார்லஸ் மார்ட்டெல். பிப்பின் என்ற பெயரும், பிப்பின் வீட்டுச் செல்வாக்கும் ஒரு பெண் வழியாகத்தான் இறங்கி வந்தன. 'ஆர்னுல்ஃபிங்' என்று மட்டும் எழுதினால் பெக்கா காணாமல் போய்விடுகிறார், எனக்கு அது ஏற்புடையதாக இல்லை.

751இல் மார்ட்டெலின் மகன் மூன்றாம் பிப்பின் மறுபடி அதே வழியில் இறங்கினார். கடைசி மெரோவிங்கிய அரசர் மூன்றாம் சில்டெரிக்கின் முடியை வெட்டி மடத்துக்கு அனுப்பினார். இந்த முறை போப்பாண்டவரின் ஒப்புதல் கையில் இருந்தது, பலித்துவிட்டது. அப்புறம்தான் பழைய வம்சத்தோடு ஒட்டுப்போடும் வேலை. 778இல் பிறந்த இரட்டை மகன்களுக்குச் சார்லமேன் லூயி, லோத்தார் என்று பெயர் வைத்தார். இரண்டும் குளோவிஸ், குளோத்தார் என்ற மெரோவிங்கிய அரசப் பெயர்களின் வடிவங்கள். வரலாறு எழுதிய பவுலுஸ் டயகோனஸ், அன்செகிசெலின் பெயர் பழங்கதையில் வரும் டிராய் நகரத்து ஆங்கிசெஸ் பெயரிலிருந்து வந்தது என்று எழுதினார். அடுத்த நூற்றாண்டில் மெரோவிங்கிய இளவரசி ஒருத்தியையே ஆர்னுல்ஃபின் மூதாதையாகச் சேர்த்த கொடிவழிப் பட்டியல்கள் கிளம்பின. அவற்றை நம்பக் கூடாது. ஆனால் புதிதாய் அரசரான ஒரு குடும்பத்துக்கு என்ன குறை உறுத்தியது என்பதை அவை நன்றாகவே காட்டுகின்றன.

தமிழில் எப்படி எழுதலாம்? 'கரோலிங்கியன்கள்' வேண்டாம், ஆங்கில விகுதியின் மேல் தமிழ் விகுதி ஏறி நிற்கிறது. கரோலிங்கியர் போதும், விளக்கம் தேவைப்பட்டால் சார்லஸ் மரபினர். மார்ட்டெலுக்கு முந்தைய தலைமுறைகளுக்கு ஆர்னுல்ஃப்–பிப்பின் மரபினர் என்று இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதலாம். பரம்பரைப் பட்டியலைக் குறிக்க வம்சாவளியைவிடக் கொடிவழி எனக்குப் பிடித்த சொல், கொடி கிளைவிடும் என்பதால் பெக்காவின் கிளைக்கும் அதில் இடம் இருக்கிறது.