கரிக்குச்சி வெளிச்சத்தில் ஓடிய படங்கள்

வின்சர், வெலிங்டன், ரீகல், ராஜா, ராணி, மனோகரா, லிடோ, ஸ்ரீதர், சாந்தி. யாழ்ப்பாணத் தியேட்டர்களின் பெயர்களை ஒரே மூச்சில் அடுக்கக்கூடிய சனம் இன்னும் இருக்கிறது. எந்தப் படம் எங்கே எத்தனை நாள் ஓடியது, கலரி ரிக்கற் என்ன விலை என்றுகூடச் சொல்வார்கள். பால்கனிக்குப் பின்னால், சுவரில் சின்னச் சதுர ஓட்டைகளோடு இருந்த மெசின் அறையைப் பற்றி மட்டும் அவ்வளவாகப் பேச்சு இருக்காது. படம் இடறாமல் ஓட வேண்டுமென்றால் நெருப்பு, எண்ணெய், பற்சக்கரம், மின்சாரம், ஒப்பரேட்டரின் கண் எல்லாம் அந்த அறைக்குள் ஒரே கணக்கில் நிற்க வேண்டும்.

கணக்கு பிலிமில் தொடங்குகிறது. 35 மில்லிமீற்றர் பிலிமில் ஓரடிக்கு 16 படச்சட்டங்கள். செக்கனுக்கு 24 சட்டம் ஓடும்போது நிமிடத்துக்கு 90 அடி போகும். இரண்டு மணி நாற்பது நிமிடத் தமிழ்ப் படம் என்றால் 14,400 அடி. ஆயிரம் அடி ரீல் ஒன்று சுமார் இரண்டரைக் கிலோ இருக்கும். முழுப் படமும் தகரப் பெட்டிகளோடு சேர்த்தால் ஒருவர் தனியே தூக்கும் பாரமல்ல. இரண்டு ரீல்களை ஒட்டி 2,000 அடியாக்கினாலும் 22 நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால்தான் அறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மெசின்கள். ஒன்று ஓடும்போது மற்றதில் அடுத்த ரீல் கோத்தபடி காத்திருக்கும்.

மாற்ற வேண்டிய நேரத்தைப் படமே சொல்லித் தரும். ரீல் முடிவதற்குச் சுமார் எட்டு செக்கன் முன்னால் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டப்புள்ளி ஒரு கணம் மின்னி மறையும். அதைக் கண்டதும் இரண்டாவது மெசினின் மோட்டரைப் போட வேண்டும். ஏழு செக்கன் கழித்து இரண்டாவது புள்ளி வரும். அப்போது ஒரு மெசினின் வெளிச்சத்தை மூடி மற்றதைத் திறக்க வேண்டும். அந்தக் காலத்துப் படங்களின் பழைய பிரதிகளில் இந்தப் புள்ளிகளை இன்றும் காணலாம். பல ஊர் சுற்றி வந்த பிரதியில் ரீல் நுனிகள் கிழிந்து, வெட்டி ஒட்டப்பட்டு, முதல் புள்ளியே காணாமல் போயிருப்பதும் உண்டு. அப்போது ஒப்பரேட்டர் கடைசி வசனத்தையோ ரீல் வட்டின் பருமனையோ அடையாளமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வெளிச்சம் கரிக்குச்சியில் இருந்து வந்தது. மின்சார சபையின் 230 வோல்ட் ஆடலோட்டத்தை ரெக்டிபயர் நேரோட்டமாக மாற்றித் தரும். இரண்டு குச்சிகளின் நுனிகளையும் ஒரு கணம் முட்டவைத்து, உடனே சில மில்லிமீற்றர் விலக்கினால் இடைவெளியில் மின்வில் மூளும். அதன் பிறகு 40 வோல்ட் அளவில் 60 அம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். பொசிட்டிவ் குச்சியின் நுனி குழிந்து கிண்ணமாகும். அந்தக் குழியின் வெப்பம் 3,500 பாகை செல்சியசைத் தாண்டும். பின்னால் இருக்கும் குழிந்த கண்ணாடி அந்தக் குழியின் பிம்பத்தைத்தான் பிலிம் செல்லும் வாசலில் குவிக்கிறது. குச்சியின் உள்ளே சீரியம் போன்ற அருமண் உலோகங்களின் புளோரைட்டுகள் நிரப்பியிருப்பார்கள். வெளிச்சம் வெயில் போல வெள்ளையாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

மின்வில்லுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. ஓட்டம் கூடக்கூட அதன் தடை குறையும். தடை குறைய ஓட்டம் இன்னும் கூடும். அடக்குவதற்குத் தொடராக ஒரு தடையைப் போடாவிட்டால் பியூஸ் போய்விடும். குச்சியும் எரிந்து குறுகிக்கொண்டே இருக்கும். 8 மில்லிமீற்றர் தடிப்பும் 14 அங்குல நீளமும் உள்ள பொசிட்டிவ் குச்சி மணித்தியாலத்துக்கு ஓரடி அளவில் எரியும். ஒரு 22 நிமிட ரீலுக்கு நாலரை அங்குலம் போய்விடும். ஆகவே ரீலைத் தொடங்குமுன் மிச்சக் குச்சியை அளந்து பார்ப்பது கட்டாயம். கட்டையாய்ப் போன துண்டோடு துணிந்து தொடங்கினால் சண்டைக் காட்சியின் நடுவில் திரை இருண்டுவிடும், கலரி விசிலடிக்கும். குச்சிகளை நெருக்கித் தர ஒரு சின்ன மோட்டர் இருந்தாலும் அதை முழுதாக நம்ப முடியாது. மின்வில்லின் பிம்பம் ஒரு அட்டையில் விழும். அதில் கீறிய கோட்டில் இரு நுனிகளும் நிற்கின்றனவா என்று பார்த்து, கையால் திருகிச் சரிசெய்ய வேண்டும். குழி இடம் மாறினால் திரையின் ஓரம் பழுப்படிக்கும், அல்லது நடு நீலம் பாயும். குச்சியின் செப்புப் பூச்சு உருகித் தெறித்துக் கண்ணாடியில் அம்மைத் தழும்பு போல ஒட்டிக்கொள்ளும். துடைக்காமல் விட்டால் நாளுக்கு நாள் படம் மங்கும். ‘பிரிண்ட் சரியில்லை’ என்று பழி பிரதிக்குப் போகும்.

இந்த மெசினில் ஆகவும் அழகான பாகம் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு எஃகுச் சிலுவை. படம் ‘ஓடுகிறது’ என்கிறோம். வெளிச்சத்துக்கு முன்னால் ஒவ்வொரு சட்டமும் அசையாமல் நின்றால்தான் கண்ணுக்குப் படம் தெரியும். நாலு பிளவு கொண்ட அந்தச் சிலுவையை, சுற்றும் வட்டொன்றின் முளை பிடித்துக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு விலகும். சிலுவையோடு பிணைந்த 16 பல் சக்கரம் நாலு பல் நகரும். நாலு துளை, அதாவது ஒரு சட்டம், 19 மில்லிமீற்றர் கீழே இறங்கும். ஒரு சட்டத்துக்குக் கிடைக்கும் நேரம் செக்கனில் 24இல் ஒரு பங்கு. அதில் நாலில் ஒரு பங்குதான் நகர்வு, மிச்சம் முழுதும் ஓய்வு. இந்த இழுப்பு செக்கனுக்கு 24 தடவை நடந்தும் துளைகள் கிழியாமல் இருப்பது, வாசலுக்கு மேலும் கீழும் தொய்வாக விட்ட இரண்டு பிலிம் வளையங்களால். மேலும் கீழும் உள்ள மற்றச் சக்கரங்கள் சீராகச் சுற்ற, நடுச் சக்கரம் மட்டும் வெட்டி வெட்டி நகரும். அந்த வித்தியாசத்தை வளையம் விழுங்கிக்கொள்கிறது. கோக்கும்போது மேல் வளையத்தைச் சிறிதாக விட்டால் துளைகள் கிழியும். மோசமான ஒட்டு ஒன்று வந்து கீழ் வளையத்தை இழுத்துவிட்டால் உதடும் குரலும் ஒத்துப்போகாது.

சட்டம் நகரும் அந்தக் கணத்தில் வெளிச்சத்தை மறைப்பது சுழலும் மூடி. அதற்கு இரண்டு இறக்கை. ஒன்று நகர்வை மறைக்கும். மற்றது நின்றிருக்கும் சட்டத்தையே வீணாக ஒருமுறை மறைக்கும். வீண் என்று தோன்றினாலும் அதனால்தான் செக்கனுக்கு 24 மினுக்கு 48 ஆகிறது. அந்த வேகத்தில் கண் சிமிட்டலை உணர்வதில்லை. இதற்கு விலையாக வெளிச்சத்தில் பாதி போய்விடுகிறது. மூடியின் நேரம் சற்றுப் பிசகினால் பெயர் எழுத்துகளில் பார்க்கலாம்: கறுப்புப் பின்னணியில் வரும் வெள்ளை எழுத்துகளுக்கு மேலேயோ கீழேயோ வால் முளைத்திருக்கும்.

ஒலி பிலிமின் ஓரத்தில் ஒரு கோடாக அச்சாகியிருந்தது. ஒரு சின்ன விளக்கின் வெளிச்சம் தலைமயிரிலும் மெல்லிய ஒரு கீற்றாகி அந்தக் கோட்டினூடாகப் போய் ஒளிக்கலத்தில் விழும். கோட்டின் அகலம் கூடிக் குறைய மின்னோட்டமும் கூடிக் குறையும். ஆனால் வெட்டி நகரும் பிலிமில் ஒலி எடுக்க முடியாது. அதனால் பிலிம் சீராக ஓடும் கீழ்ப் பகுதியில், படத்துக்கு 20 சட்டம் தள்ளி ஒலித்தலை இருக்கும். அதற்கேற்ப ஒலியைப் பிரதியில் முன்கூட்டியே தள்ளி அச்சடித்திருப்பார்கள். மண்டபத்தின் நீளத்துக்கும் இதில் பங்குண்டு: திரையில் இருந்து 25 மீற்றர் தள்ளியிருக்கும் பால்கனிக்கு ஒலி போய்ச்சேர 0.07 செக்கன் வேண்டும். அது ஒன்றரைச் சட்டத்துக்கும் சற்று அதிகம்.

செக்கனுக்கு 24 சட்டம், சட்டத்துக்கு முளை வட்டு ஒரு சுற்று என்றால் நிமிடத்துக்கு 1,440 சுற்று. 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நாலு துருவ மோட்டர் சுமையோடு சுற்றும் வேகமும் ஏறக்குறைய அதுதான். நல்ல பொருத்தம், ஆனால் மோட்டரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்குக் கட்டுப்பட்டது. ஜெனரேட்டரில் படம் ஓட்டும்போது அது தெரிந்துவிடும். ரீல் மாற்றத்துக்காக இரண்டாவது மின்வில்லை மூட்டும்போது இரண்டு வில்லும் ஒன்றாக எரியும், சுமை சட்டென்று ஏறும், எஞ்சின் திணறும். 50 ஹேர்ட்ஸ் 47க்கு இறங்கினால் பாட்டின் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை இறங்கிவிடும். நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு அது தப்பாது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபோது தியேட்டர்களுக்கு விழுந்த அடியை இந்தக் கணக்கோடு பார்க்க வேண்டும். ஒரு மின்வில்லுக்கு மட்டும் 2,400 வாட். ரெக்டிபயரின் இழப்பு, மோட்டர், அம்பிளிபயர், மண்டப விசிறிகள், மாற்றத்தின்போது இரண்டாவது வில் என்று கூட்டினால் சின்ன ஜெனரேட்டர் எதுவும் தாங்காது. எரிபொருளுக்கோ தடை. தொலைக்காட்சிப் பெட்டிக்கும் வீடியோ டெக்குக்கும் சேர்த்து 150 வாட் போதும். பெற்றோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய சின்ன ஜெனரேட்டரே அதை இழுத்துவிடும். டெக்கின் வேகத்தை உள்ளேயிருக்கும் குவாட்ஸ் பளிங்குத் துண்டு கட்டுப்படுத்துவதால், எஞ்சின் திணறினாலும் பாட்டுச் சுருதி இறங்காது. முற்றத்தில் பாய் விரித்து வீடியோ பார்த்த காலம் அப்படித்தான் வந்தது. பெரிய திரைக்கான ஆசை குறைந்ததென்று இதை வைத்துச் சொல்லக் கூடாது.

பின்னாளில் கரிக்குச்சியின் இடத்துக்கு செனன் விளக்கு வந்தது. குச்சியை நெருக்கும் வேலை போய், அழுத்தத்தில் அடைத்த குமிழ் வெடிக்காமல் பார்க்கும் வேலை வந்தது. 2013இல் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில், தியேட்டர்களும் உள்ள கடைத்தொகுதியான காகில்ஸ் சதுக்கம் திறந்த காலத்தில் உலகமே டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்தது. இப்போது படம் வன்தட்டில் வருகிறது. எந்த நாளில், எந்த மெசினில் ஓடலாம் என்பதைத் தனியாக அனுப்பும் ஒரு மின்சாவி தீர்மானிக்கிறது.

பழைய கட்டடங்களிலும் வீடுகளின் பரணிலும் பிலிம் சுருள்கள் இன்னும் கிடக்கலாம். கையில் கிடைத்தால் முதலில் மணந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால் அசெற்றேற் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. எங்கள் வெக்கையும் ஈரமும் அதை விரைவுபடுத்தும், பக்கத்தில் இருக்கும் நல்ல சுருளுக்கும் அது பரவும். ஆகவே தனியே எடுத்து, காற்றோட்டமான, நிழலான, உலர்ந்த இடத்தில் வையுங்கள். பொலித்தீனில் இறுக்கிக் கட்ட வேண்டாம், செலோடேப் ஒட்ட வேண்டாம். பிறகு ஓரத்தில் ‘சேஃப்டி’ என்ற சொல் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சொல் இல்லாமல், 1951க்கு முந்திய 35 மில்லிமீற்றர் பிலிமாகவும் இருந்தால் அது நைத்திரேற்றாக இருக்கக்கூடும். தீப்பிடித்தால் தண்ணீருக்கடியிலும் எரியும் பொருள் அது; பழைய மெசின் அறைகளில் சூடுபட்டதும் தானாக விழும் இரும்புக் கதவுகளை வைத்ததே அதற்குப் பயந்துதான். நைத்திரேற்றா என்று அறியத் துண்டு வெட்டிக் கொளுத்திப் பார்க்கவே கூடாது. வெயிலிலும் விளக்கருகிலும் வைக்காமல், பிலிம் பாதுகாப்புத் தெரிந்தவர் வரும்வரை சுருளைப் பிரிக்காமல் விடுங்கள்.