மொட்டை மாடி இல்லாத வீட்டுக்கும் சோலார் பங்கு

வட சென்னையில் எர்ணாவூர்ப் பக்கம் மாடியில் துணி காயப்போடுகிறவர்களைப் பாருங்கள், முதலில் கொடிக்கயிற்றை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் போடுவார்கள், அந்த அளவுக்குப் படிகிறது கரித்தூசி. அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிற நமக்குத்தான் சோலார் மானியம் முதலில் வந்து சேர வேண்டும். ஆனால் ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். வாரியக் குடியிருப்பில் அத்தனை வீட்டுக்கும் சேர்த்து ஒரே மாடி, அதிலும் பாதி தண்ணீர்த் தொட்டி.

இதற்கு இருக்கிற வழிதான் பங்கு சோலார். மின்சாரத் துறையில் விர்ச்சுவல் நெட் மீட்டரிங் என்பார்கள். பேனல் ஒரே இடத்தில் இருக்கும், அது பக்கத்துக் கட்டட மாடியாக இருந்தாலும் சரி. அங்கே ஓடுகிற யூனிட்டை இபி பங்குப்படி பிரித்து, ஒவ்வொரு வீட்டு பில்லிலும் கழித்துவிடும். 10 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 40 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 2,400. 20 வீடு சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 120 யூனிட்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் இந்த முறைக்கும் மானியம் உண்டு என்று வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. தனி வீட்டுக்கு முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000-க்கு மேல் கிடையாது. மின் பகிர்மானக் கழகமே வீடுகளைச் சேர்த்து அவர்கள் சார்பில் பேனல் போடவும் இத்திட்டத்தில் இடம் இருக்கிறது. என்னைக் கேட்டால் வட சென்னைக்கு இதுதான் சரி, ஏனென்றால் கையில் மொத்தமாக முதல் போட இங்கே எத்தனை பேரால் முடியும்?

யூனிட்டைப் பிரித்துக் கழிக்கிற விதியை மட்டும் அந்தந்த மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம்தான் போட வேண்டும், டில்லி 2019-லேயே போட்டுவிட்டது. அதனால் உங்கள் இபி பிரிவு அலுவலகத்தில் ஏ.இ.யை, அதாவது உதவிப் பொறியாளரைப் பார்த்து, இங்கே அப்படிக் கணக்கு எடுப்பீர்களா என்று மனுவாகக் கொடுத்துக் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முன்னால் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். குடியிருப்போர் சங்கம் இருந்தால் மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு விளக்கு மாதிரியான பொது இணைப்புக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் கேட்கலாம், வீட்டுக்கு 3 கிலோவாட் கணக்கில் 500 கிலோவாட் வரைக்கும்.

அப்புறம், யூனிட் கழிவது இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர் பில்லில்தான். வாடகைக்கு இருந்து உள் மீட்டர் பார்த்து வீட்டுக்காரரிடம் கரண்ட் காசு கட்டுகிறவர்கள், பங்கு போடுவதற்கு முன் அவரிடம் பேசி, குறைகிற தொகை உங்களுக்குத்தான் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.