கடற்பாசி மருந்து எங்கே வேலை செய்கிறது?

பல்செட் கட்ட அளவு கொடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பல் டாக்டரின் உதவியாளர் ஒரு ரப்பர் கிண்ணத்தில் பொடியைக் கொட்டி, தண்ணீர் விட்டு மளமளவென்று குழைப்பார். அதை ட்ரேயில் வைத்து வாய்க்குள் அழுத்தினால், இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகி, பல்லின் அச்சோடு வெளியே வரும். அந்தப் பொடியில் முக்கியமான சரக்கு ஆல்ஜினேட். பழுப்புக் கடற்பாசிகளிலிருந்து எடுப்பது. மன்னார் வளைகுடாவில் மீனவப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கிப் பறிக்கிறார்களே, கட்டக்கோரை, பக்கோடா பாசி, அவற்றின் செல்சுவரில் இருப்பதும் இதுதான்.

ஆல்ஜினேட் என்பது நீளமான சர்க்கரைச் சங்கிலி. அதன் நெடுகிலும் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. கால்சியம் அயனிக்கோ இரட்டை நேர் மின்னூட்டம். அதனால் ஒரே கால்சியம் இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிக்க முடியும். சங்கிலியின் வளைவுகளில் கால்சியம் உட்கார்ந்திருப்பது அட்டையின் குழிகளில் முட்டை உட்கார்ந்திருப்பதைப் போல இருப்பதால், வேதியியலில் இதற்கு 'முட்டை அட்டை மாதிரி' என்றே பெயர். பல் டாக்டரின் பொடியில் கால்சியம் சல்ஃபேட்டும் கலந்திருக்கும். தண்ணீர் பட்டதும் அது கரைந்து கால்சியத்தை விட, குழம்பு இறுகிவிடுகிறது.

இதையே திருப்பிப் போட்டால் புண்ணுக்கு மருந்து. நீர் அதிகம் கசியும் புண்களுக்கு, உதாரணமாகச் சில சர்க்கரை நோயாளிகளின் கால் புண், படுக்கைப் புண் இவற்றுக்கு, கால்சியம் ஆல்ஜினேட் நூலிழைகளால் ஆன வெள்ளைப் பஞ்சுப்பட்டையை வைத்துக் கட்டுவார்கள். புண்ணிலிருந்து கசியும் நீரில் சோடியம் நிறைய உண்டு. சோடியம் உள்ளே போக, கால்சியம் வெளியே வருகிறது. இழைகள் நீரை உறிஞ்சி வழவழப்பான ஜெல்லாகின்றன. வெளியே வந்த கால்சியம் ரத்தம் உறையக் கைகொடுக்கிறது. கட்டுப் பிரிக்கும்போது சாதாரணப் பஞ்சுத்துணி புதுச் சதையோடு ஒட்டிப் பிய்த்துக்கொண்டு வரும். நோயாளிக்கு வலியில் உயிர் போகும். ஆல்ஜினேட் ஜெல்லைச் சலைன் விட்டுக் கழுவினாலே போய்விடும். வலியைக் குறைப்பதும் வைத்தியம்தான் என்பதால், இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் காய்ந்த புண்ணுக்கு இது ஆகாது. கசிவு இல்லாவிட்டால் ஜெல்லாகவே மாறாது.

நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கும் ஆல்ஜினேட் சிரப்பும் இதே கணக்குத்தான். வயிற்று அமிலம் பட்டதும் ஜெல் உருவாகிறது. கூடவே இருக்கும் பைகார்பனேட் குமிழி விட, அந்த ஜெல் இரைப்பையில் இருப்பதன் மேலே மிதக்கிறது. அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறாமல் மறிக்கிறது. ரத்தத்தில் அது கலக்கவே வேண்டியதில்லை.

கடற்பாசி மருந்துகளைப் பற்றிய செய்தி எதைப் படித்தாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அந்தப் பொருள் வேலை செய்ய வேண்டிய இடத்தை நேரடியாகத் தொடுகிறதா?

சிவப்புப் பாசிகளில் கிடைக்கும் கராகீனனை எடுத்துக்கொள்வோம். ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கச் சேர்ப்பார்களே, அதேதான். கடல்நீரில் சல்ஃபேட் தாராளமாக இருப்பதால், பாசிகள் தம் சர்க்கரைச் சங்கிலிகளில் அதைக் கோத்து வைத்துக்கொள்கின்றன. நிலத்துச் செடிகளில் பெரும்பாலும் இந்த வழக்கம் இல்லை. ஆனால் நம் செல்களின் மேற்பரப்பில் இதற்கு ஒரு உறவுக்காரர் இருக்கிறார், ஹெப்பரான் சல்ஃபேட். அதுவும் எதிர் மின்னூட்டம் கொண்ட சர்க்கரைச் சங்கிலி. ஹெர்பிஸ், பாப்பிலோமா, கொரோனா என்று பல வைரஸ்கள், செல்லுக்குள் நுழையும் முன் இந்தச் சங்கிலியைத்தான் முதலில் பற்றிக்கொள்கின்றன. அந்த இடத்தில் கராகீனன் இருந்தால் வைரஸ் ஏமாந்து அதில் ஒட்டிக்கொள்ளும். செல்லைச் சேராது.

கேட்க அற்புதமாக இருக்கிறது. சோதனைக் குழாயிலும் அற்புதமாகத்தான் இருந்தது. அதை நம்பி ஹெச்ஐவி தொற்றைத் தடுக்க, பெண்கள் உடலுறவுக்கு முன் பயன்படுத்தும் ஒரு கராகீனன் ஜெல்லைத் தென்னாப்பிரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தார்கள். 2008-இல் முடிவு வந்தது. ஜெல்லால் ஆபத்தில்லை, ஆனால் தொற்றையும் தடுக்கவில்லை. ஜெல்லைப் பயன்படுத்தியதே பாதிக்கும் குறைவான சமயங்களில்தான் என்பதும் தெரியவந்தது. ஒட்டித் தடுக்கும் மருந்து, ஒட்ட வேண்டிய நேரத்தில் அங்கே இல்லாவிட்டால் என்ன செய்யும்?

மூக்கில் நிலைமை கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. அயோட்டா வகைக் கராகீனன் கலந்த மூக்கு ஸ்ப்ரேயை, அர்ஜென்டினாவில் கோவிட் நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனை ஊழியர்கள் 394 பேரிடம் சோதித்தார்கள். மருந்து ஸ்ப்ரே அடித்துக்கொண்டவர்களில் 1 சதவீதத்தினருக்கும், வெறும் உப்புநீர் அடித்துக்கொண்டவர்களில் 5 சதவீதத்தினருக்கும் தொற்று வந்தது. ஆட்களாக எண்ணினால் 2 பேர், 10 பேர். சின்ன எண்ணிக்கை, அதனால் இதை வைத்து ஆகா ஓகோ என்று சொல்ல மாட்டேன். ஆனால் வைரஸ் வரும் வாசலிலேயே மருந்து இருக்கிறது என்பதால் தர்க்கம் இடிக்கவில்லை.

அப்புறம், ஃபியூகாய்டன் மாத்திரைகள். பழுப்புப் பாசியின் இந்தச் சல்ஃபேட் சர்க்கரையை 1913-இல் சுவீடன் தாவரவியலாளர் ஹரால்ட் கைலின் பிரித்தெடுத்தார். ஆய்வகத் தட்டில் புற்றுநோய்ச் செல்கள் மேல் ஊற்றினால் அவை சாகின்றன என்று ஏராளமான ஆய்வுகள் உண்டு. அதைக் காட்டியே இணையத்தில் டப்பா டப்பாவாக விற்கிறார்கள். ஆனால் தட்டில் ஊற்றுவது வேறு, விழுங்குவது வேறு. இவ்வளவு பெரிய மூலக்கூறு குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. எந்தப் பாசி, எந்தப் பருவத்தில் பறித்தது என்பதைப் பொறுத்து அதன் அமைப்பே மாறும். புற்றுநோயைக் குணமாக்கும் என்று நம்பி யாராவது கீமோதெரபியை நிறுத்தினால், அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. ஃபியூகாய்டனுக்கு ஹெப்பாரின் மருந்தைப் போல ரத்தம் உறைவதைத் தடுக்கும் குணமும் இருப்பதால், ஏற்கெனவே ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள் எந்தப் பாசி மாத்திரையானாலும் அதில் உள்ள அயோடினைக் கவனிக்க வேண்டும்.

உடலுக்குள் தூரம் போக வேண்டுமானால் சின்ன மூலக்கூறு வேண்டும். பாசியில் அதுவும் இருக்கிறது. டைஜீனியா என்ற சிவப்புப் பாசியை ஜப்பானில் நூற்றாண்டுகளாகக் குடற்புழுவுக்குக் கொடுத்துவந்தார்கள். 1953-இல் அதிலிருந்து கைனிக் அமிலம் பிரிக்கப்பட்டது. நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் குளூட்டமேட்டின் சாயல் அதற்கு உண்டு. புழுவின் நரம்பு அதில் குழம்பிச் செயலிழக்கிறது. எலியின் மூளையில் செலுத்தினால் வலிப்பு வருகிறது. அதனாலேயே வலிப்பு நோய் ஆராய்ச்சியில் இன்றுவரை அது தவிர்க்க முடியாத கருவி. நம் மூளையில் உள்ள ஒரு வகை ஏற்பிகளுக்கே 'கைனேட் ஏற்பி' என்றுதான் பெயர். இந்த அமிலத்தை ஆய்வகத்தில் உருவாக்க வேதியியலாளர்கள் பல படிகள் கொண்ட வழிகளைத் தேடி அலைந்தார்கள். 2019-இல் சான் டியாகோ ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் பாசியின் மரபணுக்களைத் துழாவியபோது, அது இரண்டே நொதிகளை வைத்து இந்தக் காரியத்தை முடிப்பது தெரிந்தது. இப்போது அவற்றில் ஒரு நொதியின் மரபணுவைப் பாக்டீரியாவில் வைத்து, கடலில் இறங்காமலே கைனிக் அமிலம் தயாரிக்க முடிகிறது.