மல்டிகாஸ்ட் பயன்பாட்டை எண்ணும்போது எங்கே தவறுகிறோம்?

ஒரே தரவைப் பலருக்குத் தனித்தனிப் பிரதிகளாக அனுப்பாமல், ஒரே பிரதியாக அனுப்பி, வழியிலுள்ள ரூட்டர்கள் தேவையான இடத்தில் மட்டும் அதைக் கிளை பிரித்துக் கொடுக்கும் முறையே மல்டிகாஸ்ட். ஒரு நெட்வொர்க்கில் அது எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்று கேட்டால், ரூட்டரின் மல்டிகாஸ்ட் அட்டவணையில் உள்ள பதிவுகளின் எண்ணிக்கையையே பலர் விடையாகத் தருகிறார்கள். நான் ஆய்வு செய்த ஒரு வளாக நெட்வொர்க்கில் அந்த எண்ணிக்கை பல நூறாக இருந்தது. அதைக் கொண்டு, வகுப்பறை ஒளிபரப்பு நன்கு பரவிவிட்டதாக அறிக்கையும் தயாராகியிருந்தது. பதிவுகளைக் குழு முகவரி (ஒரே தரவைப் பெற விரும்புவோர் சேரும் பொது முகவரி) வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, மிகப் பெரும்பாலானவை 239.255.255.250 என்ற ஒரே முகவரிக்கு உரியவை எனத் தெரிந்தது. கணினிகளும் பிரிண்டர்களும் தொலைக்காட்சிகளும் அருகிலுள்ள கருவிகளைத் தேடிக்கொள்ளும் முகவரி அது. ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

இணைய அளவிலும் இதே குழப்பம் நேர்ந்திருக்கிறது. 2001 ஜனவரியில் லினக்ஸ் கணினிகளில் பரவிய ராமென் வார்ம் என்ற தானாகப் பரவும் தீநிரல், கிடைத்த முகவரிகளையெல்லாம் துழாவியபோது மல்டிகாஸ்டுக்கு ஒதுக்கப்பட்ட முகவரிகளையும் விட்டுவைக்கவில்லை. அந்தத் துழாவல்கள் ஒவ்வொன்றும் புதிய ஒளிபரப்பாகக் கருதப்பட்டு, எம்எஸ்டிபி நெறிமுறை வழியாக நெட்வொர்க்குகளுக்கிடையே அறிவிக்கப்பட்டன. அந்த அறிவிப்புகளை மட்டும் எண்ணியவருக்கு அது பெரும் வளர்ச்சியாகத் தெரிந்திருக்கும்.

அப்படியானால் பெறுநர்களையே எண்ணிவிடலாமே என்று தோன்றும். மல்டிகாஸ்டின் சிக்கனமே அதற்குத் தடையாக நிற்கிறது. பத்துப் பேர் பெற்றாலும் பத்தாயிரம் பேர் பெற்றாலும் அனுப்புமிடத்திலிருந்து ஒரு பிரதிதான் புறப்படுகிறது. எனவே அங்கே அளக்கும் டிராஃபிக்கில் எந்த மாற்றமும் தெரியாது. பெறுநர் பக்கத்திலும் நிலைமை இதுதான். 1989-இல் ஸ்டீவ் டீரிங் எழுதிய ஆர்எஃப்சி 1112 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தின்படி, ஒரு லேனில் (உள்ளூர் நெட்வொர்க்கில்) ஒரு கணினி தன்னைக் குழுவின் உறுப்பினராக அறிவித்ததும், அதைக் கேட்ட மற்றக் கணினிகள் தங்கள் அறிவிப்பைக் கைவிட்டுவிடும், ஏனெனில் ஒருவராவது இருக்கிறாரா என்பது தெரிந்தால் ரூட்டருக்குப் போதும். இந்த உறுப்பினர் அறிவிப்புகளுக்கான நெறிமுறையான ஐஜிஎம்பியின் 2002-இல் வந்த மூன்றாம் பதிப்பில் இந்தக் கைவிடல் நீக்கப்பட்டதால், கருவிகளைத் தனித்தனியே எண்ண வழி பிறந்தது. ஆயினும் இடையிலுள்ள ஸ்விட்ச் எல்லா அறிவிப்புகளையும் ஒன்றாகத் திரட்டித் தன் பெயரில் அனுப்புமானால், ரூட்டர் காட்டும் எண்ணிக்கையை நம்ப முடியாது. இதை முதலிலேயே சரிபார்க்காத அளவீட்டை நான் ஏற்பதில்லை.

எண்ணிக்கை குறைவதையும் அவசரப்பட்டு வீழ்ச்சி என்று கொள்ளக் கூடாது. 2020-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 8815, நெட்வொர்க்குகளுக்கிடையே அனுப்புநரைப் பெறுநரே குறிப்பிட்டுக் கேட்கும் முறையை மட்டும் கையாளப் பரிந்துரைத்தது. அம்முறைக்கு எம்எஸ்டிபி தேவையில்லை. ஆகவே எம்எஸ்டிபி பதிவுகள் மறைவது, புதிய முறைக்கு மாறியதன் அடையாளமாகவும் இருக்கலாம். ஐபி நெட்வொர்க் வழியே தொலைக்காட்சி வழங்கும் ஐபிடிவி நிறுவனங்களும் பங்குச் சந்தைகளும் தங்கள் மூடிய நெட்வொர்க்குகளுக்குள் இடைவிடாமல் அனுப்பும் மல்டிகாஸ்ட் டிராஃபிக்கோ, வெளியிலிருந்து அளப்பவர் கண்ணில் படுவதே இல்லை.

நான் இப்போது கருவித் தேடலுக்கான குழுக்களை நீக்கிவிட்டு, தொடர்ந்து டிராஃபிக் ஓடும் குழுக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ரூட்டருக்குள் வந்த பைட்டுகளையும் எல்லாக் கிளைகளிலும் சேர்த்து அது வெளியே அனுப்பிய பைட்டுகளையும் ஒரு வாரம் பதிவு செய்கிறேன். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால், அந்த ரூட்டரில் எந்தப் பாக்கெட்டும் கிளை பிரியவில்லை என்று பொருள்.