சளியில் கிருமி இல்லை என்றால் காசநோய் போய்விட்டதா?

"ரெண்டு மாசத்துலயே நெகட்டிவ் வந்துடுச்சு டாக்டர், அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்." இதை இன்னும் எத்தனை பேர் வாயால் கேட்பது? போன வாரம் சொன்னவர் ஒரு லாரி ஓட்டுநர். இப்போது சளியில் ரத்தம், வீட்டில் கைக்குழந்தை.

நெகட்டிவ் என்றால், நீங்கள் கொடுத்த அந்தத் துளிச் சளியில் கிருமி தென்படவில்லை, அவ்வளவுதான். நுரையீரலுக்குள் இல்லை என்று எந்த ஆய்வகமும் எழுதித் தரவில்லை.

நம்பாதவர்களுக்கு எலிகளைப் பற்றிச் சொல்கிறேன். 1950களில் அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில், காசநோய் தொற்றிய எலிகளுக்கு ஐசோனியாசிட், பைராசினமைடு என்ற இரண்டு காசநோய் மருந்துகளையும் சேர்த்து மூன்று மாதம் கொடுத்தார்கள். பிறகு நுரையீரலையும் மண்ணீரலையும் அரைத்து வளர்த்துப் பார்த்தார்கள். ஒரு கிருமிகூட முளைக்கவில்லை. உறுப்பையே எடுத்துப் பார்த்த சோதனை இது. உங்கள் சளிப் பரிசோதனை இதற்குப் பக்கத்தில்கூட வராது. சரி, குணம்தானே? மீதி எலிகளை மருந்தில்லாமல் இன்னொரு மூன்று மாதம் விட்டுவைத்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் கிருமி திரும்பி வந்தது. அதே மருந்துக்குச் சாகக்கூடிய கிருமிதான், இத்தனை நாளும் பதுங்கிக் கிடந்திருக்கிறது.

அதனால்தான் புதிய மருந்துக் கூட்டுகளை எலியில் சோதிப்பவர்கள் கிருமி எவ்வளவு வேகமாகக் குறைந்தது என்பதோடு விடுவதில்லை. மருந்தை நிறுத்திச் சில மாதம் கழித்து எத்தனை எலிகளில் நோய் திரும்புகிறது என்றும் பார்க்கிறார்கள். அப்படியும் எலி நம்மைக் கைவிட்டதுண்டு. மாக்சிஃப்ளாக்சசின் என்ற மருந்தைச் சேர்த்த நான்கு மாதச் சிகிச்சை எலிகளில் பெரிய நம்பிக்கை தந்தது. 2014இல் வெளியான ஆய்வில் நோயாளிகளின் சளியும் வழக்கத்தைவிடச் சீக்கிரமே நெகட்டிவ் ஆனது. ஆனால் நிறுத்தியபின் நோய் திரும்பியவர்களும் வழக்கமான ஆறு மாதச் சிகிச்சையில் இருந்ததைவிட அதிகம். (வழக்கமான ஆய்வக எலியின் நுரையீரலில் நமக்கு விழுவதுபோல் குழிகள் விழுவதில்லை. இதை மறந்துவிட்டுத்தான் "எலியில் குணமாச்சு" என்று செய்தி போடுகிறார்கள்.) 2021இல் மாக்சிஃப்ளாக்சசினை ரிஃபாபென்டின் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்தபோதுதான் நான்கு மாதம் பலித்தது. அது வேறு கூட்டு. அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு உங்கள் ஆறு மாத மாத்திரையை நான்கோடு நிறுத்தாதீர்கள்.

பசி திரும்பியதா, எடை ஏறியதா? நல்லது, மாத்திரையைத் தொடருங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்படாதீர்கள், அது ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தின் நிறம். கண் மஞ்சளானாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே வாருங்கள்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டவர்களும் தயவுசெய்து வாருங்கள். யாரும் திட்டமாட்டோம். சளி கொடுங்கள், மருந்துக்குக் கிருமி இன்னும் கட்டுப்படுகிறதா என்று பார்த்துவிட்டுச் சிகிச்சையைத் தொடங்கலாம்.