தவணையில் அரசு நிலம்: 1800-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம்

ஆபிரகாம் லிங்கனின் தந்தை தாமஸ் லிங்கன் கென்டக்கியில் காசு கொடுத்து வாங்கிய பண்ணைகள் ஒவ்வொன்றும் வில்லங்கத்தில் மாட்டின. அங்கே மரத்தையும் ஓடையையும் எல்லையாகச் சொல்லி அளந்திருந்தார்கள். ஒரே நிலத்துக்குப் பலர் உரிமை கொண்டாடினார்கள். 1816-இல் குடும்பத்தோடு இந்தியானாவுக்குக் கிளம்பிவிட்டார். அங்கே அரசே சதுரம் சதுரமாக அளந்து நிலத்தை விற்றது.

அந்த விற்பனைக்கு அடிப்படை 1800 மே மாதம் வந்த சட்டம். ஏக்கருக்குக் குறைந்தது 2 டாலர். விலையில் இருபதில் ஒரு பங்கு முன்பணம். அதையும் சேர்த்து கால் பங்கை 40 நாளுக்குள் கட்ட வேண்டும். மீதி முக்கால் பங்கை இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் கட்டலாம். முதலில் 320 ஏக்கருக்குக் குறைந்து வாங்க முடியாது. 1804-இல் அது 160 ஏக்கரானது.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பணம் கட்டுமுன் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கட்டாயம் கேட்டிருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: கையில் தரும் சான்றிதழ் உரிமைப் பத்திரம் ஆகாது. முழுத் தொகையும் கட்டிய பிறகே குடியரசுத் தலைவர் பெயரில் 'பேட்டன்ட்' என்ற உரிமைப் பத்திரம் வரும். கடைசித் தவணை நாளிலிருந்து ஓராண்டுக்குள் பாக்கி தீராவிட்டால் நிலம் ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் பாக்கித் தொகைக்குக்கூட விலை போகாவிட்டால் நிலம் அரசுக்கே திரும்பும், கட்டிய பணமும் போய்விடும். காடு வெட்டித் திருத்திய உழைப்புக்கும் ஈடு கிடையாது. எனக்கு இது மிகக் கடுமையான விதியாகவே படுகிறது.

இன்னொருவரிடமிருந்து சான்றிதழை எழுதி வாங்கினால் அவருடைய பாக்கியும் சேர்ந்தே வரும். பூர்வகுடிகளிடம் நேரடியாக வாங்கியதாகச் சொல்லி யாராவது விற்க வந்தால் விலகிவிட வேண்டும். 1790-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு உடன்படிக்கை இல்லாமல் அப்படி வாங்கியது செல்லாது.

1819 பொருளாதார நெருக்கடியில் விளைபொருள் விலை சரிந்தது. தவணைதாரர்களின் பாக்கி 2 கோடி டாலரைத் தாண்டியது. 1820-இல் கடன் விற்பனையை நிறுத்தி, ஏக்கர் 1.25 டாலர், முழுப் பணமும் ரொக்கம் என்று மாற்றினார்கள். 1821-இல் வந்த நிவாரணச் சட்டம், நிலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மீதிக்குக் கடனை நேர்செய்ய வழிவிட்டது.

தாமஸ் லிங்கனுக்குக் கைகொடுத்தது இந்த வழிதான். 1817-இல் இந்தியானாவின் வின்சென்ஸ் ஊரில் இருந்த அரசு நில அலுவலகத்தில் 160 ஏக்கருக்கு 16 டாலர் முன்பணமும் பிறகு 64 டாலரும் கட்டியிருந்தார். பாதி நிலத்தை விட்டுக்கொடுத்து, 1827-இல் 80 ஏக்கருக்குப் பேட்டன்ட் பெற்றார்.